எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்த சொட்டு மேஸ்திரி

வட ஆற்காடு ஜில்லாவில் எண்ணெய் என்று பெயர் வைத்துக்கொண்டு சொட்டு மேஸ்திரியின் கையில் சிக்காமல் தப்பித்தது ஒன்றுகூடக் கிடையாது. புங்க எண்ணெய், மீன் எண்ணெய், விளக்கெண்ணெய், தலைக்குத் தேய்க்கிற தைலம், வடை சுட்ட எண்ணெய், சைக்கிள் செயினுக்கு விடுகிற எண்ணெய், ஆஸ்பத்திரியில் நோஞ்சான் குழந்தைகளுக்குக் கொடுக்கிற எண்ணெய், எல்லாவற்றுக்கும் அவரிடம் பரீட்சை உண்டு. அதில் தேறாத எண்ணெய்க்கு அப்புறம் ஆம்பூரில் மரியாதை இருக்காது.

போன மாதம் என் தம்பி மகன் டர்போ வைத்த கார் ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று வீட்டையே இரண்டுபடுத்திக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், கம்பெனிக்காரர் வேறொன்று சொல்கிறார், சிநேகிதன் இரண்டும் தப்பு என்கிறான். நான் வாயைத் திறந்தேன். "பெரியப்பா, இது உங்க காலத்து வண்டி இல்ல, விடுங்க" என்று அடக்கிவிட்டான். என் காலத்து வண்டி என்றால் மாட்டுவண்டி என்று நினைப்பு அவனுக்கு. அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் டைப்பிஸ்ட். டேனரி என்றால் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் மரப்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற இடம். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு டைப் அடித்தேன், அதாவது ஒரு கையால். இரண்டாவது வாரம் மூக்கே ராஜினாமா செய்துவிட்டது. பிறகு கஷ்டம் இல்லை.

பதப்படுத்திய தோலுக்கு எண்ணெய் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் காய்ந்து அப்பளமாக உடையும். அந்த எண்ணெய்க் கொட்டகைக்குத்தான் சொட்டு மேஸ்திரி ராஜா. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. ஒல்லி உடம்பு, முழங்கால் வரை ஏற்றிக் கட்டின லுங்கி, மெழுகினது போல எப்போதும் பளபளக்கிற கை. சட்டைப் பையில் பேனா இருக்காது, வெற்றிலை இருக்காது. தோல் துண்டுகள்தான் இருக்கும்.

எண்ணெய் வியாபாரி சாம்பிள் சீசாவோடு வந்து நிற்பான். மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் வைப்பார். சுண்டுவிரலை எண்ணெயில் முக்கி, மேலேயிருந்து ஒரே ஒரு சொட்டு விடுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். வியாபாரிக்கு வியர்த்துக் கொட்டும். கண்ணைத் திறந்து பார்த்தால் சொட்டு தோலுக்குள் இறங்கிக் காணாமல் போயிருக்க வேண்டும். போயிருந்தால், "குடிக்குது" என்பார். அது பாஸ். சொட்டு மேலேயே மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "நிக்குது" என்பார். அவ்வளவுதான், வியாபாரி சீசாவை மூடிக்கொண்டு ரயிலைப் பிடிக்கலாம். அப்பீல் கிடையாது.

இதைக் கொட்டகையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஓட்டலில் வடையைப் பிழிந்து தோல்மேல் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். "நிக்குது. பழைய எண்ணெய்" என்று அவர் உரக்கச் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரர்கள் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு நிக்காஹ் விருந்தில் பிரியாணி வேகிற டேக்சா பக்கத்தில் போய் நெய்யைத் தொட்டுச் சொட்டு விட்டார். சமையல்காரப் பண்டாரி கரண்டியோடு துரத்தினார். மேஸ்திரி ஓடிக்கொண்டே, "குடிக்குது, குடிக்குது! நல்ல நெய்தான்யா, இன்னாத்துக்குத் தொரத்துற?" என்று கத்தினார்.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி டேனரியைப் பார்வையிட வந்தார். தலையில் வாசனைத் தைலம் போட்டுப் படிய வாரியிருந்தார். நாங்கள் எல்லாரும் கைகட்டி நிற்கிறோம். மேஸ்திரி பின்னாலேயே போய், யாரும் தடுப்பதற்குள் அதிகாரியின் உச்சந்தலையை விரலால் தொட்டு, துண்டில் தேய்த்துப் பார்த்தார். "சார், இது உங்க தலைக்கு ஏறவே இல்ல. மேலயே நிக்குது. மாத்திடுங்க" என்றார். அதிகாரி அதற்கப்புறம் எந்தக் கொட்டகையையும் பார்க்காமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

இவ்வளவுக்கும் முதலாளி அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலாளி பெரிய மனிதர். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை. வீட்டில் உருதும் எங்களோடு தமிழும் பேசுவார். மேஸ்திரியின் ஞாபக சக்தியை அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். "மேஸ்திரி, முன்ன ஒரு லாட்டு தோல் கருப்புப் புள்ளியா விழுந்து பேஜாராச்சே, எது?" என்று கேட்டால் போதும். மேஸ்திரி அது எந்த மழைக்கு அப்புறம் வந்த தோல், எவன் எண்ணெய், எந்த ஆள் தடவினான், அவனுக்கு அன்றைக்குப் பல்வலி என்பது வரை சொல்வார். "நான் மறந்தேன்னா அன்னிக்கு என்னக் கொண்டுபோய்க் குழில வச்சிடுங்க மொதலாளி" என்பார். சும்மா சொல்லவில்லை. அவர் கர்வமெல்லாம் அதில்தான் இருந்தது.

அதனால் டேனரியில் ஒரு சட்டம். மேஸ்திரியின் வார்த்தை இல்லாமல் ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே வரக் கூடாது, மாறக் கூடாது. தோலுக்கு மட்டும் இல்லை. அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய்க்கும் என் டைப்ரைட்டருக்கு விடுகிற எண்ணெய்க்கும்கூட அதே சட்டம்தான்.

இப்படி இருக்கையில்தான் முதலாளி கார் வாங்கினார்.

சீமைக்கே திரும்பிப் போகிற ஓர் எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கினது. நீளமான மூக்கு, பச்சை வர்ணம். அந்த மூக்குக்குள் ஒரு விசேஷம் இருந்தது. காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிற ஓர் உருளை. இப்போது டர்போ என்கிறார்களே, அதற்குப் பெரியப்பா முறை. மிதித்தால் 'ஊ' என்று ஒரு சத்தம் வரும், வண்டி பாயும். டேனரி ஆட்கள் அதற்கு 'ஊதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். துரை சாவியைக் கொடுக்கும்போது எண்ணெய் விஷயமாக விரலை ஆட்டி ஆட்டி ஏதோ எச்சரித்துவிட்டுப் போனார். அவர் வாயில் புகைகிற சுங்கான் பைப் இருந்ததால் ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி வைத்தேன்.

டிரைவர் கன்னியப்பன். குடியாத்தத்து நெசவுக் குடும்பம். தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து ஸ்டீயரிங் பிடித்தவன். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பிள்ளை, பயந்த சுபாவம். அவன் முதலாளியிடம் போய், "மொதலாளி, எஞ்சினுக்கு எந்த ஆயில் ஊத்துறது?" என்று கேட்டான்.

முதலாளிக்கு ஆச்சரியமாகிவிட்டது. "அரே, இன்னா கேள்வி இது? எண்ணெய்னா மேஸ்திரி இருக்கார்ல? அவரக் கேளு."

மறுநாள் காலையில் ரோட்டோரத்துப் பெட்ரோல் பங்க்கில் திருவிழாக் கூட்டம். மேஸ்திரி எல்லா டின்னையும் திறக்கச் சொல்லி, தோல் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பங்க்காரர், "மேஸ்திரி, கெட்டியா இருக்குதே, அது பெரிய எஞ்சினுக்கு..." என்று ஆரம்பித்தார். மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி அவரை அடக்கினார். கெட்டி ஆயில் எல்லாம் தோல்மேல் குண்டுமணியாக நின்றது. கடைசி டின்னில் இருந்தது தண்ணீர் மாதிரி ஓர் ஆயில். தையல் மெஷினுக்கும் சில்லறைச் சாமானுக்கும் விடுகிற ரகம். அது விழுந்த மாத்திரத்தில் தோலுக்குள் இறங்கிவிட்டது.

"குடிக்குது!" என்றார் மேஸ்திரி. "இதான் உங்க வண்டிக்கு ஆயில். கொஞ்சம் வலு பத்தாது. ஒரு கை புங்க எண்ணெய் சேத்துக்கலாம்."

தோல் எண்ணெய் குடிக்க வேண்டும், அதனால் எஞ்சினும் குடிக்க வேண்டும். தோல் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கு இதைவிட நியாயமான யோசனை எது? கூடியிருந்தவர்கள் எல்லாரும் தோல்காரர்கள். அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும்தான்.

வண்டி குடித்தது. அம்மாடி, அப்படிக் குடித்தது! காலையில் ஊற்றினால் சாயங்காலம் காணோம். பின்னால் குழாய் வழியாக நீலப் புகை. புகை என்றால் ஏதோ கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஊதி போன பிறகு ரோட்டின் இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது. புங்க எண்ணெய் எரிகிற நெடி வேறு. மாதனூர் டீக்கடையில் 'ஊ' சத்தம் கேட்டதும் பாய்லர் முதல் பன் வரை துணி போட்டு மூடிவிடுவார்கள். முதலாளி வெள்ளை ஜிப்பாவில் ஏறி, சாம்பல் ஜிப்பாவில் இறங்குவார்.

மேஸ்திரிக்கோ பெருமை தாங்கவில்லை. தினமும் காலையில் வந்து பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்ப்பார். கம்பி காய்ந்திருக்கும்.

"பாத்தியா கன்னியப்பா! முழுசும் குடிச்சிட்டுது. வண்டி நல்லா தேறி வருது!" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊற்றுவார்.

"பொக ஜாஸ்தியா வருது மேஸ்திரி. ப்ளக்கெல்லாம் கரி பிடிச்சி வண்டி நின்னு நின்னு போவுது."

"குடிச்சா ஏப்பம் விடாதா? போவியா!"

கன்னியப்பன் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். ஆனால் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. குடியாத்தத்தில் நாலைந்து தறி வைத்திருக்கிற மனிதரின் மகள். நெசவு வேண்டாம் என்று ஓடினவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவர் முதலில் முரண்டு பிடித்திருக்கிறார். பெரிய முதலாளியின் பெரிய காரை ஓட்டுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக இறங்கி வந்திருக்கிறார். அந்தக் காரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முதலாளி வேலையாகக் குடியாத்தம் போன நாளில் கன்னியப்பன் காரை அவர் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். மாமனாராகப் போகிறவர் வெளியே வந்தார். தெருவே புகையில் இருந்தது. மனிதர் இருமிக்கொண்டே கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னாப்பா, வண்டி எரிஞ்சிக்கினு இருக்குதா?"

அடுத்த தடவை வரும்போது என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போ, அப்புறம் தாம்பூலத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கன்னியப்பன் நேரே வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனான். இதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "டேய், இது எஞ்சினா, குத்துவிளக்கா?" என்று கேட்டாராம். காற்றைத் திணிக்கிற எஞ்சினில் சூடும் அழுத்தமும் ஜாஸ்தி, மெல்லிசு ஆயில் தாங்காது, சந்து வழியாகப் போய் எரிந்துவிடும், கெட்டியாக நிற்கிற ஆயில்தான் வேண்டும் என்று சொல்லி, உள்ளே இருந்ததை எல்லாம் வடித்துவிட்டுக் கெட்டி ஆயிலை ஊற்றிக் கொடுத்தார். ப்ளக்கையும் துடைத்துப் போட்டார்.

வண்டி மறுபிறவி எடுத்தது. புகை இல்லை, திணறல் இல்லை, 'ஊ' சத்தத்தில்கூட ஒரு கௌரவம் வந்துவிட்டது. மாமனாரை ஏற்றிக்கொண்டு கன்னியப்பன் ஒரு சுற்று போனான். மனிதர் இறங்கும்போது மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினார். தாம்பூலம் மாற்றியாயிற்று. கல்யாணத்துக்கும் நாள் குறித்தாயிற்று.

மேஸ்திரியிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சட்டம் தெரிந்தவன். என்னிடம் வந்து, "சார், சொன்னா மேஸ்திரி மனசு வுட்டுடுவாரு, சொல்லலன்னா நான் மாட்டிக்குவேன்" என்று கையைப் பிசைந்தான். நான், "பார்த்துக்கலாம்" என்றேன். பொறுப்பில்லாமல் யோசனை சொல்வதற்கு அதைவிட வசதியான வார்த்தை தமிழில் இல்லை.

ஆயில் மாற்றின மறுநாள் காலையே மேஸ்திரி வழக்கம்போலக் கம்பியை உருவியிருந்தார். மேல் குறி வரை ஆயில். அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் முகம் விழுந்துவிட்டது.

"கன்னியப்பா, வண்டி ஒண்ணுமே குடிக்கலையே!"

"நல்லாத்தான் ஓடுது மேஸ்திரி."

"இன்னா நல்லா ஓடுது? ஏப்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தே இல்லாம ஓடுதுடா. நோவு வந்துடுச்சி இதுக்கு."

வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகையில் வேலையை விட்டுவிட்டு வந்து வந்து பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதாக ஆட்கள் சிரித்தார்கள். வண்டி பட்டினி கிடப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். கடைசியில் ஒருநாள் சந்தேகம் தட்டி, கம்பியிலிருந்து ஒரு சொட்டைத் தோல் துண்டில் விட்டார். கண்ணை மூடினார். திறந்தார். சொட்டு கருப்பாக, கெட்டியாக, அசையாமல் நின்றது.

இது அவர் கொடுத்த ஆயில் இல்லை!

நேரே முதலாளி அறைக்குள் போனார். செருப்பைக்கூட வெளியே விடவில்லை. நான் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "மொதலாளி! என் வார்த்த இல்லாம எவனோ வண்டிக்கு ஆயில் மாத்தியிருக்கான். நிக்கிற ஆயிலு! வண்டிய சாவடிச்சிடுவானுங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கன்னியப்பன் கூப்பிடப்பட்டான். மறைக்கத் தெரியாதவன். ஒத்துக்கொண்டான்.

முதலாளி சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். கன்னியப்பன் காலில் விழாத குறைதான். "மொதலாளி, இந்த வேலைய நம்பித்தான் பொண்ணு குடுக்கிறாங்க. வேல போச்சின்னா கல்யாணம் நின்னுடும். எனக்கு வேற வழி இல்ல மொதலாளி." மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணம் இதில் தொங்குகிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

முதலாளி நியாயஸ்தர். சாவியை வாங்காமல், "நாளைக்கு வேலூர் போறேன். மேஸ்திரியும் வரட்டும். எவன் ஆயில் சரின்னு ரோட்டுல பாத்துடலாம்" என்றார். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டியதாயிற்று.

மேஸ்திரி முன்சீட்டில் கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதிலிருந்து அவர் முன்னால் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் ரோடு தெரிந்தது. புளியமரம் தெரிந்தது. நாங்கள் தாண்டி வந்த சைக்கிள்காரன்கூடத் தெளிவாகத் தெரிந்தான். மாதனூர் டீக்கடையில் எவனும் பாய்லரை மூடவில்லை. எங்களை வேறு யார் காரோ என்று நினைத்திருப்பார்கள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் முதலாளி குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அந்தக் காரில் அவர் தூங்கினது அதுதான் முதல் தடவை.

சத்துவாச்சாரி அப்போது பெரும்பாலும் வயல்வெளி, நடுநடுவே சில வீடுகள். அங்கே ஒரு வியாபாரியைப் பார்க்க முதலாளி இறங்கிப் போனார். ஜிப்பா சலவை வெள்ளையாக அப்படியே இருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். மெதுவாக இறங்கிப் பானெட்டைத் திறந்து, சூடு ஆறக் காத்திருந்து, கம்பியை உருவினார். ஆயில் கிளம்பின அளவிலேயே இருந்தது.

"துளிகூடக் குடிக்கலையா?"

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எஞ்சின் குடிக்கக் கூடாது மேஸ்திரி. உள்ளயே நின்னுக்கினு தேயாம பாத்துக்கணும். நம்ம தோலு மாதிரி இல்ல இது."

"அப்போ இத்தினி நாளா நான் ஊத்தினது?"

"பொகையா பூட்ச்சி மேஸ்திரி."

மேஸ்திரி ரோட்டோர மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எம்மாம் எண்ணெய்டா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

முதலாளி திரும்பி வந்தார். காரில் ஏறாமல் வெளியிலேயே நின்று தீர்ப்பைச் சொன்னார். "ஆயில் சரியாத்தான் இருக்குது. எனக்கும் கண்ணு இருக்குது. ஆனா கேள்வி அது இல்ல கன்னியப்பா. மேஸ்திரி வார்த்த இல்லாம மாத்தின. இன்னிக்கு ஆயில மாத்துவ. நாளைக்கு உன்னப் பாத்து எண்ணெய்க் கொட்டகைல எவனாவது கை வைப்பான். லாட்டு லாட்டா தோல் போயிடும். ஆம்பூர் போய்ச் சேந்ததும் சாவியக் குடுத்துடு."

கன்னியப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரி மைல்கல்லை விட்டு எழுந்தார்.

"மொதலாளி, ஒரு பேச்சு. அவன் கேக்காம மாத்தல. என்னக் கேட்டான். நான்தான் மாத்திக்கோடான்னு சொன்னேன்."

முதலாளி திரும்பினார். "நேத்து என் ரூமுக்கு வந்து கத்தினது யாரு?"

"நான்தான்."

"அப்போ?"

"சொன்னத மறந்துட்டேன் மொதலாளி."

மறந்துட்டேன். அந்த மனிதர் வாயிலிருந்து! ரோட்டில் ஒரு கட்டைவண்டி போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும் வரை முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயா? நீ மறந்தியா?"

"வயசாவுதில்ல மொதலாளி. இப்பல்லாம் எதுவும் நெலயா நிக்க மாட்டேங்குது."

முதலாளி அவரை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் நம்பினாரா, நம்பின மாதிரி இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. "வண்டிய எடு கன்னியப்பா" என்றார் கடைசியில். வேலை தப்பித்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்து எண்ணெய்க் கொட்டகையில் மேஸ்திரிக்கு மேலே இன்னொருவர் வந்துவிட்டார். மறதிக்காரரை நம்பி அத்தனை தோலை விட முடியுமா? வியாபாரிகள் சீசாவோடு புதியவர் முன்னால் போய் நின்றார்கள். கருப்புப் புள்ளி லாட்டைப் பற்றி முதலாளி அப்புறம் மேஸ்திரியைக் கேட்டதே இல்லை. அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கன்னியப்பன் ஒருநாள் தனியாக அவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்காக ஏன் மேஸ்திரி இப்படிப் பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? மறந்துட்டேன்னு சொன்னேன்ல? போடா, போய் வண்டியத் தொடச்சி வை."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. முதலாளி கண்ணுக்கெட்டின தூரத்தில் இருந்தால் மேஸ்திரிக்கு எல்லாம் மறந்துவிடும். காலில் செருப்பைப் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவார். கொட்டகைக்கு வழி கேட்பார். என்னிடம் வந்து, "தம்பி, உன் பேரு இன்னா?" என்பார். கன்னியப்பன் கல்யாணத்துக்கு முதலாளி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி நேரே மணவறைக்குப் போய், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த கன்னியப்பனிடம், "மாப்பிள்ள யாருப்பா?" என்று கேட்டார். பெண் சிரித்துவிட்டாள். கன்னியப்பனால் சிரிக்க முடியவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சில வருஷங்களில் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப மேஸ்திரி மட்டும் வந்தார். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, என் ஊர், என் அப்பா பெயர், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டிருந்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "வரதராஜா, வேளைக்குச் சாப்புடு. ஒடம்பப் பாத்துக்கோ" என்றார். ரயில் வந்தது. நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அந்த ரயிலில் வருகிற யாரையோ அழைத்துப்போக முதலாளி வேகமாகப் பிளாட்பாரத்துக்குள் வந்தார். மேஸ்திரி அவரைப் பார்த்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கையை மட்டும் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தம்பி, நீ யாரு?" என்றார். நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.